பையை அரை மணி நேரம் மிதக்க விட்டும் புது மீன் ஏன் சாகுது?

நீங்க எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். கேள்வின்னு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பார்சல்ல வர்ற பையைத் தொட்டியில எத்தனை நிமிஷம் மிதக்க விடணும், அரை மணி போதுமா ஒரு மணி நேரம் வேணுமான்னு. ஆனா அதுக்கு மேல நீங்க சொல்லியிருக்க கதைக்குள்ள இருக்க கேள்வி வேற. தேவகோட்டையில வீடு, மூணு அடி கடல் தண்ணித் தொட்டி, எட்டு மாசமா ரெண்டு நீமோவும் ஒரு புளூ டாம்செல்லும் நல்லா இருந்துச்சு, சென்னையிலேர்ந்து ராத்திரி பஸ்ல பவுடர் புளூ டேங்னு ஒரு மீன், ஒரு கிளீனர் எறா, ஒரு சிவப்பு நட்சத்திர மீன் வரவழைச்சீங்க, கடையில சொன்னபடி அரை மணி மிதக்க விட்டுப் பையை அப்படியே கவுத்துட்டீங்க. எறா அன்னைக்குச் சாயங்காலமே போச்சு. டேங் மேல அஞ்சாவது நாள் வெள்ளைப் புள்ளி வந்து, பூண்டு போட்டதும் மறைஞ்சு, திரும்ப வந்து பத்தாம் நாள் செத்துச்சு, கூடவே பழைய நீமோ ஒண்ணையும் இழுத்துக்கிட்டுப் போச்சு. நட்சத்திர மீன் மூணாவது வாரம் கரைஞ்சே போயிருச்சு. உங்க மக "அப்பச்சி, நாம என்ன தப்பு பண்ணோம்"னு கேட்டான்னு எழுதியிருக்கீங்க. அந்தப் புள்ள கேட்டதுதான் சரியான கேள்வி, அதுக்குத்தான் பதில் எழுதுறேன்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிச்சவன், முடிச்சுட்டு நாலு வருஷம் ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்துல வேலை பார்த்தேன், அதுக்கப்புறம் பதினேழு வருஷமா காரைக்குடியில இருந்துக்கிட்டு சுத்துப்பட்டு ஊர்கள்ல வீட்டுத் தொட்டி, ஹோட்டல் தொட்டின்னு வச்சுக்குடுத்துப் பராமரிச்சுக்கிட்டு இருக்கேன். உங்க தொட்டியை நேர்ல பார்க்கல, நீங்க எந்த அளவும் எடுத்து எழுதல. அதனால எது உறுதி எது என் ஊகம்னு பிரிச்சுப் பிரிச்சே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, செத்த நேரத்தை வச்சே காரணத்தைப் பாதி சொல்லிரலாம். தண்ணிக்குள்ள விட்ட சில மணி நேரத்துலேர்ந்து ஒரு நாளுக்குள்ள போனா தண்ணி மாறுன அதிர்ச்சி, இல்ல பைக்குள்ளயே விஷம் ஏறியிருக்கும். மூணு நாளுக்கு மேல ரெண்டு வாரத்துக்குள்ள போனா நோய், இல்ல பழைய மீன் கடிச்சு விரட்டியிருக்கும். வாரக்கணக்கு தாண்டிப் போனா பெரும்பாலும் பட்டினி, இல்ல முதல் நாள் பட்ட அதிர்ச்சி மெதுவா முடிச்சிருக்கும். உங்க வீட்டுல மூணும் நடந்துருக்கு, மூணுக்கும் காரணம் வேற வேற, இதுல ஒண்ணைக்கூட மிதக்க விட்ட நிமிஷத்தைக் கூட்டிக் குறைச்சுத் தடுத்துருக்க முடியாது.

பையை மிதக்க விடுறது எதுக்குன்னா வெப்பத்தைச் சமமாக்க, அவ்வளவுதான். மெல்லிசான பை, பதினஞ்சு இருபது நிமிஷத்துல உள்ள தண்ணியும் வெளித் தண்ணியும் ஒரே சூட்டுக்கு வந்துரும். அதுக்கு மேல மிதக்குறதுல லாபம் இல்ல, நஷ்டம் இருக்கு. ஏன்னு சொல்றேன். கட்டுன பைக்குள்ள மீன் ஒன்பது பத்து மணி நேரம் மூச்சு விடுது, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணி புளிப்புப் பக்கம் போகுது, அதாவது பிஎச் இறங்குது, கடல் தண்ணியில 8.2 இருக்கணும், பைக்குள்ள 7-க்கே வந்துரும். அதே நேரம் மீனோட கழிவுலேர்ந்து அமோனியா ஏறிக்கிட்டே இருக்கும். ஆனா பிஎச் கம்மியா இருக்கும்போது அந்த அமோனியா பெரும்பாலும் அமோனியம்கிற கெடுதல் குறைஞ்ச வடிவத்துல இருக்கும், 7-ல நூத்துல ஒரு பங்குகூட விஷமா இருக்காது. நாம பையைத் திறந்ததும் வாயு வெளியேறுது, பிஎச் மளமளன்னு ஏறுது, 8-க்கு மேல வரும்போது அதே அமோனியாவுல நூத்துல அஞ்சு பங்குக்கு மேல விஷமாயிரும். பத்து மணி நேரம் தாக்குப்பிடிச்சு வந்த மீன் நாம பையைத் திறந்து வச்சுக்கிட்டு கப் கப்பா தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க அந்த ஒரு மணி நேரத்துல செவுள் வெந்து போகுது. அதனால நீண்ட பயணம் வந்த பைக்கு ஒரு முறை, உள்ளூர்க் கடையில வாங்கி அரை மணியில வீட்டுக்கு வந்த பைக்கு ஒரு முறை. உள்ளூர்ப் பையை நிதானமா ஒரு மணி நேரம் சொட்டுத் தண்ணி விட்டுப் பழக்கலாம், தப்பே இல்ல. பஸ்ல வந்த பையைத் திறந்துட்டா தாமதிக்கக் கூடாது. ரெண்டுக்கும் பொது விதி ஒண்ணு, பைத் தண்ணி ஒரு சொட்டு உங்க பெரிய தொட்டிக்குள்ள போகக் கூடாது.

இனி எறாவுக்கு வர்றேன். போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, தொட்டியில தண்ணி குறையக் குறைய உப்புத் தண்ணி கலந்து ஊத்துவேன்னு. எனக்கு அதைப் படிச்சதும் திக்குன்னு ஆச்சு. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி, உப்பு தொட்டிக்குள்ளயேதான் கிடக்கும். குழம்பு சுண்டச் சுண்டக் கரிக்குமே, அதேதான். உங்க மூணு அடித் தொட்டியில ஒரு 130 லிட்டர் தண்ணி நிக்கும்னு வச்சுக்குவோம், மூடி போட்டிருந்தாலே நம்ம ஊர் வெயிலுக்கு நாளைக்கு அரை லிட்டர் சாதாரணமாப் போகும், அந்த அரை லிட்டருக்குப் பதிலா லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணி ஊத்துனா நாளைக்குப் பதினேழு கிராம் உப்பு கூடுதலா சேருது, மாசத்துக்கு லிட்டருக்கு நாலு கிராம் ஏறிரும். நடுவுல தண்ணி மாத்தும்போது கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனாலும் எட்டு மாசம் ஆச்சு. கடலோட உப்பு 35 பிபிடி, அதாவது லிட்டருக்கு 35 கிராம். உங்க தொட்டி 40-ஐத் தாண்டியிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன், ஆனா இது ஊகம்தான், உப்பளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பழைய மீனுங்க மெதுவா ஏறுனதால பழகிக்கிச்சு. இன்னொரு பக்கம் கடைக்காரங்க நிறைய பேர் மீன் தொட்டியை வேணும்னே 25, 28 பிபிடியில வச்சிருப்பாங்க, உப்புச் செலவும் மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும். ஆக 27-ல இருந்த உயிர் ஒரே கவுப்புல 40-க்குள்ள விழுந்துருக்கலாம்.

எலும்புள்ள மீனுக்கும் எறா, நட்சத்திர மீனுக்கும் இங்கதான் வித்தியாசம். கடல் மீனோட ரத்தத்துல இருக்க உப்பு கடல்ல இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான், அது தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு கூடுதல் உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, அந்த வேலையைச் செய்ய அதுக்கு உறுப்பு இருக்கு, அதனால கொஞ்சம் சமாளிக்கும். நட்சத்திர மீனுக்கு அந்த வசதி கிடையாது, வெளியில என்ன உப்போ உள்ளயும் அதே உப்பு, அதோட உடம்புக்குள்ள ஓடுறதே கடல் தண்ணிதான். கிளீனர் எறாவும் திடீர் மாத்தத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுக்குப் பயப்படுற ஜீவன். பொரிப்பகத்துல இறால் குஞ்சைக் குளத்துல விடுறப்போ மணிக்கு ரெண்டு மூணு பிபிடிக்கு மேல மாத்த விட மாட்டாங்க, ராத்திரி முழுக்க பக்கத்துல உக்காந்து அளந்துக்கிட்டே இருப்போம். வளர்ப்புக் குளத்து எறாவுக்கே அவ்வளவு பக்குவம்னா பவளப்பாறையிலேர்ந்து பிடிச்சு வந்த எறாவுக்கு எவ்வளவு வேணும்னு யோசிச்சுக்கங்க.

எறா உடனே சாகுறதுக்கு இன்னொரு காரணமும் நம்ம ஊர்ல இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுல எறா விட்டா விட்ட மறுநாள் செத்துரும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது, மூணு தடவை ஆயிருச்சு. சலினிட்டி, அதாவது உப்பளவு சரி, அமோனியா இல்ல, எனக்கும் புரியல. ஒரு நாள் அவங்க தண்ணி மாத்துற அன்னைக்குப் போனேன், வளவுல ஒரு பெரிய பித்தளை அண்டா, பாட்டி காலத்துச் சீர் அண்டா, அதுல முதல் நாளே உப்புத் தண்ணியைக் கலக்கி வச்சிருந்தாங்க. உப்புத் தண்ணி பித்தளையையும் செம்பையும் அரிக்கும், நம்ம காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துல, கடல் காத்துல உலோகம் எப்படி அரிக்குதுன்னு பார்க்கறதுக்கே ஒரு மையம் வச்சிருக்காங்க, அவ்வளவு பெரிய விஷயம் அது. அரிச்சு வந்த செம்பு மீனைக் கொல்லாத அளவுலயே எறாவைக் கொன்னுரும். அண்டாவை மாத்தி உணவுக்குப் பயன்படுற பிளாஸ்டிக் டிரம் வச்சோம், அதோட அந்தப் பிரச்சினை நின்னுச்சு. உங்க வீட்டுலயும் செம்புக்குடம், பித்தளை அண்டா எதுலயாவது கலக்குறீங்களான்னு பாருங்க. முன்னாடி எப்பவாவது தொட்டிக்குள்ளயே காப்பர் மருந்து ஊத்தியிருந்தாலும் அதே கதைதான், பாறையும் மணலும் செம்பைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நாள் கசிய விடும்.

சரி, நான் எப்படிச் செய்யறேன்னு சொல்றேன். மீனைத் தண்ணிக்குப் பழக்கறதை விட்டுட்டு, தண்ணியை மீனுக்குப் பழக்கறேன். ஆர்டர் போடும்போதே கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டுருவேன், உங்க தொட்டி சலினிட்டி எத்தனைன்னு. அவர் 27-ன்னா, நான் தனியா வச்சிருக்க சின்னத் தொட்டியை முதல் நாளே 27-க்குக் கொண்டு வந்து வச்சுருவேன். பை வந்ததும் திறக்காம இருபது நிமிஷம் அதுல மிதக்கும், திறந்து ஒரு சொட்டு எடுத்து அளந்து பார்ப்பேன், ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருந்தா பரவாயில்ல, மீனைக் கையில இல்லாட்டி சின்ன டப்பாவுல ஏந்தி நேரா தொட்டிக்குள்ள விட்டுருவேன், பைத் தண்ணியைச் சாக்கடையில கொட்டிருவேன். மொத்தமா அரை மணி நேர வேலை. அப்புறம் ஒரு வாரம் எடுத்துக்கிட்டு நாளைக்கு ஒண்ணரை பிபிடிக்கு மேல போகாம 35-க்கு ஏத்துவேன். உப்பு இறங்குறதை மீன் தாங்கும், ஏறுறதுதான் அதுக்குச் சிரமம், அதை ஞாபகம் வச்சுக்கங்க.

எறாவுக்கும் நட்சத்திர மீனுக்கும் சொட்டு முறைதான். மெடிக்கல்ல குளுக்கோஸ் ஏத்துற ட்யூப் புதுசா ஒண்ணு வாங்குங்க, அதுல சின்னச் சக்கரம் இருக்கும்ல, அதைத் திருகி சொட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கலாம், இதுக்குன்னு விக்கிற எந்தச் சாமானும் அவ்வளவு நல்லா வேலை செய்யாது. ஒரு வாளியில பைத் தண்ணியோட எறாவை விட்டு, தனித் தொட்டித் தண்ணியைச் செகண்டுக்கு ரெண்டு மூணு சொட்டா விடுங்க. நீண்ட பயணப் பையா இருந்தா அமோனியாவைக் கட்டுற மருந்து கடையில கிடைக்கும், அதை முதல்லயே நாலு சொட்டு விட்டுரணும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அளந்து பார்த்து ரெண்டு உப்பும் சமமானதும் விடலாம். நட்சத்திர மீனைக் காத்துல தூக்காதீங்க, தண்ணியோடயே டப்பாவுல மொண்டு மாத்துங்க, அதோட நுண் குழாய்களுக்குள்ள காத்து போனா கஷ்டம்.

இப்ப வெள்ளைப் புள்ளி. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல, நீங்க சொல்ற நாள் கணக்கும் புள்ளி மறைஞ்சு திரும்ப வந்ததும் கடல் இக், கிரிப்டோகாரியான்னு சொல்ற ஒட்டுண்ணியோட சுழற்சிக்கு அப்படியே பொருந்துது. அது மீன் தோல்ல மூணுலேர்ந்து ஏழு நாள் இருந்து தின்னும், அப்புறம் தானாவே கழண்டு அடியில விழுந்து மணல்லயும் பாறையிலயும் ஓடு கட்டிக்கிட்டு உள்ள பெருகும், ஒரு ஓட்டுக்குள்ளேர்ந்து நூத்துக்கணக்குல குட்டி வெளிய வரும், அந்தக் குட்டிக்கு ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலன்னா செத்துரும். தொட்டிக்குள்ள மீன் தப்பிக்க ஏது இடம், எல்லாத்துக்கும் கிடைச்சுரும். புள்ளி மறைஞ்சது பூண்டால இல்ல, ஒட்டுண்ணி அடுத்த கட்டத்துக்கு இறங்கிப் போயிருக்கு. அந்த மூணு நாலு நாள் நிம்மதியை நம்பித்தான் பாதிப் பேர் மீனை இழக்கறாங்க. பூண்டு வாசம் சாப்பாட்டு ஆசையைத் தூண்டலாம், புண்ணியமாப் போகட்டும்னு விட்டுரலாம், ஆனா இக்கைக் கொல்லும்னு நம்ப எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்ல. யுவி விளக்கு குட்டிகளோட எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. கிளீனர் எறா ஒட்டுண்ணியைத் தின்னுரும்கிறதும் ஆசைதான். பவுடர் புளூ டேங் இந்த நோய்க்குப் பேர் போன மீன், பார்க்க அவ்வளவு அழகு, ஆனா மூணு அடித் தொட்டி அது நீந்துறதுக்கே போதாது, அலைச்சல் மீன் அது, ஆறு அடியாவது வேணும். அதை உங்களுக்கு விக்கறதுக்கு முன்னாடி தொட்டி அளவைக் கேட்டுருக்கணும்.

இதுக்கு ஒரே வழி தனித் தொட்டி. எந்தப் புது மீனும் நாலுலேர்ந்து ஆறு வாரம் வெளித் திண்ணையில இருந்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்னு வச்சுக்கங்க. நான் இதை ஒரு தடவை மீறியிருக்கேன். ஒரு வீட்டுல கல்யாணம், தொட்டி நிறைஞ்சு இருக்கணும்னு கேட்டாங்க, நாலே நாள்தான் இருக்கு, ஒரு பட்டாம்பூச்சி மீனை நேரா உள்ள விட்டேன். அவங்க அஞ்சு வருஷமா வளர்த்த பதினோரு மீன் ரெண்டு வாரத்துல போச்சு. இக் இல்ல அது, வெல்வெட்னு சொல்றது, பொடி தூவுன மாதிரி மினுக்கும், இக்கைவிட வேகம், சில சமயம் ரெண்டு மூணு நாள்லயே முடிச்சுரும். அந்த வீட்டு ஐயா என்னை ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கு எடுத்த முடிவு, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நேரா விடறதில்ல.

தனித் தொட்டின்னா பயப்பட வேண்டாம். ரெண்டு அடிக் கண்ணாடித் தொட்டி, இல்லாட்டி ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒளிஞ்சுக்க ரெண்டு பிவிசி குழாய்த் துண்டு, மணல் வேண்டாம் பாறை வேண்டாம். ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், அது மட்டும் ஒரு மாசம் முன்னாடியே பெரிய தொட்டிக்குள்ள போட்டு வச்சிருந்ததா இருக்கணும், அதுல பாக்டீரியா குடியேறியிருந்தாத்தான் அமோனியாவைத் தின்னும். இங்க ஒரு எச்சரிக்கை, உங்க பெரிய தொட்டியில இப்ப இக் இருக்கு, அதனால இந்தத் தடவை அதுலேர்ந்து ஸ்பாஞ்சு எடுக்காதீங்க, பாக்டீரியா பாட்டில் வாங்கி ஊத்தி, தினம் அமோனியா பார்த்து, ஏறினா கால்வாசித் தண்ணியை மாத்திருங்க.

மருந்துன்னு வந்தா உறுதியா வேலை செய்யறது காப்பர், ஆனா அது கத்தி மாதிரி. சாதாரண காப்பர் சல்பேட் வகைன்னா லிட்டருக்கு 0.15-லேர்ந்து 0.20 மில்லிகிராம், அதுக்குக் கீழ போனா ஒட்டுண்ணி சாகாது, மேல போனா மீன் சாகும், அளக்குற கிட் இல்லாம காப்பரைத் தொடவே தொடாதீங்க. கட்டப்பட்ட காப்பர்னு வர்ற பாட்டிலுக்கு அளவே வேற, அந்த லேபிள்ல இருக்கறதைப் பாருங்க. வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது மருந்தே இல்லாத முறை. ஒரே மாதிரி ரெண்டு தொட்டி, மூணு நாளுக்கு ஒரு தடவை மீனை மட்டும் அடுத்த தொட்டிக்கு மாத்தணும், பழசைக் கொட்டிக் கழுவி நல்லா காய வச்சுரணும், நாலு மாத்து, பன்னெண்டு நாள். மீன் மேலேர்ந்து கீழ விழுந்த ஒட்டுண்ணி வெடிக்கறதுக்குள்ள மீன் இடம் மாறியிருக்கும், கணக்கு அவ்வளவுதான். நம்ம மொட்டை மாடி வெயில்ல ஒரு நாள் காஞ்சா எந்த ஓடும் தப்பாது. இக்குக்கு இது ரொம்ப நம்பகமான முறை, வெல்வெட்டுக்கு இது போதாது, அதுக்குக் காப்பர்தான்.

சண்டையைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா உங்க தொட்டியில புளூ டாம்செல் இருக்குன்னு சொன்னதால சொல்றேன். விரல் நீளம்தான் இருக்கும், தொட்டி முழுக்க தன்னோட பட்டா நிலம்னு நினைக்கும். அது முதல்ல குடியேறினதுதான் பிரச்சினை. சாதுவான மீன் முதல்ல, முரடு கடைசியிலன்னு விட்டுருந்தா இவ்வளவு இருக்காது. புது மீனை உள்ள விடற அன்னைக்கு ரெண்டு மூணு பாறையை இடம் மாத்தி வைங்க, எல்லை குழம்பிப் போயி எல்லாரும் புதுசா இடம் பிடிக்க வேண்டியிருக்கும். பழைய மீனுக்கு முதல்ல வயிறு நிறையப் போடுங்க, விளக்கை அணைச்சுட்டு விடுங்க. இன்னும் நல்லது, ஓட்டை போட்ட கண்ணாடி டப்பாவுல புதுசை வச்சு மூணு நாலு நாள் உள்ளயே தொங்க விடறது, ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்த்துப் பழகட்டும். டாம்செல் அதுக்கப்புறமும் டப்பாவை முட்டிக்கிட்டே இருந்தா டாம்செல்லைத்தான் வெளிய எடுக்கணும். ஒரு தடவைக்கு ஒரு உயிர், அடுத்ததுக்கு நடுவுல மூணு நாலு வாரம், கூடுதல் கழிவுக்கு ஏத்த மாதிரி பாக்டீரியா பெருகறதுக்கு அந்த நேரம் வேணும்.

நட்சத்திர மீன் கரைஞ்சதுக்கு உப்பு அதிர்ச்சிதான் முதல் சந்தேகம், மூணு வாரம் கழிச்சுக்கூட அது காட்டும். பட்டினியும் சேர்ந்திருக்கலாம். சிலது பாறை மேல வருஷக்கணக்குல படிஞ்ச படலத்தை மேஞ்சு வாழும், எட்டு மாசத் தொட்டியில அதுக்கு மேய்ச்சல் கிடையாது. சிவப்புக் குமிழ் வச்சது மாதிரி இருக்க வகை மாமிசம் தின்னும், கூட இருக்க சிப்பியையும் பவளத்தையும் விட்டு வைக்காது. ரெண்டுமே உங்க தொட்டிக்கு ஒத்து வராது, திரும்ப வாங்க வேண்டாம்னு கேட்டுக்கறேன்.

அடுத்து, காசு கொடுத்து வாங்கித்தானே சாகுது, தொண்டி பக்கம்தானே, கடற்கரையில கிடைக்கற நட்சத்திர மீன், கடல் குதிரை, பவளக்கல்லு எடுத்துட்டு வந்து விடலாமான்னு உங்களுக்குத் தோணலாம். வேண்டாங்க. கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் இதெல்லாம் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற உயிருங்க, பிடிச்சாலும் வச்சிருந்தாலும் குத்தம், உயிர்ப்பாறைன்னு கடையில விக்கறதும் பவளம்தான். சட்டத்தை விடுங்க, மன்னார் வளைகுடாவுல சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும்னு பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்துக் கெடுத்தது போதும். 1986-ல 21 தீவைச் சேர்த்து தேசியப் பூங்கா ஆக்கினாங்க. பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்ல 2022-ல கடல் பசுவுக்குன்னு 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கியிருக்காங்க. நம்ம வாசல்ல இருக்க கடல் அது, மீன் கொழம்புக்கு அங்கேருந்துதான் வருது, நாமளே ஒரு கை அள்ளிட்டு வர வேண்டாம். கடல் தண்ணி மட்டும் எடுத்துட்டு வரலாமான்னா, கரையோரம் கலங்கலா இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் உப்பும் இறங்கியிருக்கும், சாக்கடை கலப்பு வேற. ஆர்ஓ தண்ணியில உப்புத்தூள் கலக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச நிம்மதியான வழி. சம்பை ஊத்துத் தண்ணியே இவ்வளவு ருசியா இருக்கே, அதைக் கலக்கலாமேன்னு காரைக்குடியில என்கிட்ட நிறைய பேர் கேட்டுருக்காங்க, நாக்குக்கு ருசியா இருக்கறது வேற, குழாய்ல வரும்போது குளோரின் இருக்கும், நிலத்தடித் தண்ணியில என்னென்ன உப்பு கரைஞ்சிருக்கும்னு நாக்கு சொல்லாது.

ஆர்டர் போடற மாசத்தையும் பாருங்க. சித்திரை வைகாசியில பஸ் டிக்கில வர்ற பை வெந்துரும், சூடான தண்ணியில ஆக்சிஜனும் குறைவாத்தான் கரையும், கடல் தண்ணியில நல்ல தண்ணியைவிட இன்னும் குறைவு. மார்கழி, தை, மாசிதான் நமக்கு ஏத்த காலம். தொட்டியை முற்றத்து வெயில் படாம உள் கட்டுல வைங்க, பழைய வீடா இருந்தா அந்தச் சுவர் கனமும் ஓட்டு உயரமும் தண்ணியைக் குளிர வைக்கற சில்லரோட பாதி வேலையைச் செய்யும். கரண்ட் போனா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம். ஆத்தங்குடிக் கல்லு தரைன்னா தண்ணி மாத்தும்போது கீழ பெரிய தார்ப்பாயா விரிங்க, உப்புத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ள இறங்கினா பூத்துப் போயி நிறம் போயிரும்.

இப்ப இந்த வாரம் என்ன செய்யணும்னா, முதல்ல சலினிட்டியை அளந்து பாருங்க, நான் நினைச்ச மாதிரி ஏறியிருந்தா தினம் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு அந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணி ஊத்தி, நாளைக்கு ஒண்ணு ரெண்டு பிபிடியா இறக்கி 35-ல நிறுத்துங்க, அதுக்கப்புறம் குறையற தண்ணிக்கு எப்பவும் வெறும் ஆர்ஓ தண்ணிதான். அதே சமயம் மிச்சம் இருக்க நீமோவையும் டாம்செல்லையும் வெளிய எடுத்து அந்தப் பன்னெண்டு நாள் மாத்து முறையில கொண்டு போங்க, அது முடிஞ்சதும் தனித் தொட்டியிலயே இருக்கட்டும். பெரிய தொட்டி மீன் இல்லாம காலியா ஓடணும். எத்தனை நாள்னு கேட்டா இங்க ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நம்ம ஊர்ச் சூட்டுல ஓடு பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்ள வெடிச்சுரும், ஆறு வாரம் விட்டா பெரும்பாலும் போதும், ஆனா அபூர்வமா 72 நாள் வரைக்கும் கிடந்து வெடிச்சதாப் பதிவு இருக்கறதால 76 நாள்னு சொல்றவங்க உண்டு. அவசரம் இல்லன்னா 76 நாளே விடுங்க. வடிகட்டி, மோட்டார் எல்லாம் ஓடட்டும், நாளைக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு பாக்டீரியாவைப் பட்டினி போடாம வச்சுக்கங்க.

அது முடிஞ்சதும் டாம்செல்லைக் கடையில கொடுத்துட்டு, நீமோவை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாங்க. அதுக்கு ஒரு ஜோடி வேணும்னா குஞ்சுலேர்ந்தே தொட்டியில வளர்ந்த நீமோவா கேட்டு வாங்குங்க, மண்டபத்துல இருக்க மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல நீமோவைக் குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கற முறையை நல்லாவே செஞ்சு காட்டியிருக்காங்க, கடல்லேர்ந்து பிடிச்சதைவிட இது தாக்குப்பிடிக்கும், தீனியும் உடனே எடுக்கும். நீமோ எல்லாமே பிறக்கும்போது ஆண்தான், கூட்டத்துல பெருசு எதுவோ அது பெண்ணா மாறும், அதுக்கு அடுத்தது ஆணாவே நிக்கும். உங்க வீட்டுல இருக்கறது இத்தனை நாள் தனியா இருந்ததால அதுதான் இனி பெரியவ. அதனால புதுசா வாங்குறது உங்க மீன்ல பாதி அளவுக்குச் சின்னதா இருக்கட்டும், சம அளவா வாங்கினா அடிச்சுக்கும், மூணாவதா ஒண்ணு வாங்கவே வாங்காதீங்க.